கெம்பாபுரத்து உண்ணிகள் ஊர் திரும்பியது

எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடப்பட்ட கெம்பாபுரத்து உண்ணிகள் அந்த வருடம் மார்கழியில் நடந்தே ஊர் திரும்பின. தக்காளி விலை விழுந்து, பறித்த கூலிகூடக் கட்டாமல் வண்டி வண்டியாகச் சாலையோரம் கொட்டிக்கிடந்த வாரம் அது. அதனால் முதல் நாள் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் காலை கம்பெனிப் பேருந்து ஓட்டும் ஆஞ்சப்பன், பனியில் சாலையின் இடது ஓரம் மட்டும் மெல்ல நகர்வதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு ஏறி, உண்ணிங்க போவுது, கொஞ்சம் லேட்டாகும் என்று உள்ளே இருந்த பெண்களிடம் சொன்னார். முன்னால் நான்கைந்து, பின்னால் நான்கைந்து என்று அகலமான வரிசையாக அவை வந்தன. சோதனைச் சாவடியில் அவற்றை யாரும் நிறுத்தவில்லை. கையில் சரக்கு எதுவும் இல்லை.

அவை எல்லைக்கு அந்தப் பக்கம் போன காரணத்தைச் சொல்ல வேண்டும். பாகலூருக்கு வடக்கே, தார்ச்சாலையின் நிறம் மாறி கடைப் பலகைகளில் எழுத்து கன்னடமாகும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கெம்பாபுரம். முன்பு ராகியும் அவரையும், பிறகு முட்டைக்கோசும் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாக் குடிலும், இப்போது பாதி வீட்டுக்குக் கம்பெனிச் சம்பளமும். ஒரு வீட்டிலேயே மாமியார் தெலுங்கில் திட்ட மருமகள் தமிழில் பதில் சொல்வாள். மாட்டோடு பேசுவது மட்டும் எல்லோருக்கும் கன்னடம். மூன்று வருடத்துக்கு முன்பு எல்லையோர ஊர்களில் உண்ணி கடித்துக் காய்ச்சல் கண்டு சிலர் இறந்தார்கள். பெங்களூரில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சௌமியா என்ற பெண் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, ஊர் ஊராக அலைந்து உண்ணி பொறுக்க நாங்கள் நாலு பேர் போதாது, நீங்கள் எல்லோரும் சேர்ந்தால் எந்த உண்ணி எங்கே குடியிருக்கிறது என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும் என்றார். மாட்டிலோ நாயிலோ மனிதர் மேலோ உண்ணியைக் கண்டால் பிடித்து, அவர்கள் கொடுக்கும் கைபேசிச் செயலியைத் திறந்து, அந்த இடத்திலேயே படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒருவர் அனுப்பினால் வரைபடத்தில் அந்த இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி விழும். வேறொரு வீட்டுக்காரரின் கைபேசியிலிருந்தும் அதே இடத்தில் எடுத்த படம் வந்து உறுதி செய்தால் அது சிவப்பாகும். சிவப்பு விழுந்த ஊர்களிலிருந்து காய்ச்சலோடு யார் வந்தாலும் முதலில் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும் என்று சுற்றியுள்ள மருத்துவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் புதிதாக எதுவும் உறுதியாகாத ஊர் தானாக வெளுத்துவிடும்.

ஊரில் அதை முழு மனதோடு செய்தவள் கவிப்ரியா. கிருஷ்ணகிரி கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, கைபேசி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குல்லா போட்டுக்கொண்டு ஒரே திருகை முடுக்கிக்கொண்டிருந்தவள். அவள் என் மனைவி. இதில் என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வார விடுமுறையில் என் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் குச்சியில் கட்டி, ஏரிக்குக் கிழக்கே புதர் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தில் புல்லின் மேல் இழுத்துக்கொண்டு நடப்பாள். புல் நுனியில் காத்துக்கொண்டிருக்கும் உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். வெள்ளையில் அவை தெளிவாகத் தெரியும். புல் அறுக்க வந்த நாராயணம்மா, "ஏம்மே கவி, ஊரே மண்ணை விக்கப் பாக்குது, நீ மண்ணைத் தொவைக்கிறியா?" என்று கேட்டாள். "தொவைச்சாத்தான்க்கா அழுக்கு எங்க இருக்குதுன்னு தெரியும்" என்றாள் இவள். கேலி செய்த பெண்களே பிறகு மாட்டில் பிடித்ததை அவளிடம் கொண்டுவந்து கொடுத்து, அவள் சொல்லிக்கொடுத்தபடி படம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே கெம்பாபுரம்தான் மிகச் சிவப்பாக இருந்தது. கவிப்ரியாவுக்கு அதில் பெருமை. சௌமியா தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்குக் கிழக்கே இருந்த மேட்டு நிலத்தை ஒரு கம்பெனி கேட்டு வந்திருந்தது. இடையில் நின்று பேசியவர் ராஜப்பன். அவர் கெட்டவர் அல்ல. கோயிலுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்தவர், பிரசவத்துக்கு யார் கூப்பிட்டாலும் தன் காரை அனுப்புகிறவர். யாரோ அவரிடம் வரைபடத்தைக் காட்ட, அவர் பார்த்தது தன் ஊரின் மேல் கொப்புளம் கொப்புளமாகச் சிவப்பு. கர்நாடகத்தில் இருக்கும் ஹொசகெரேயின் மேல் ஒன்றும் இல்லை. நிலம் வாங்க வருகிறவன் இதைப் பார்த்தால் எல்லைக்கு அந்தப் பக்கமே போய்விடுவான் என்று அவருக்குப் பட்டது. அன்று மாலையே ஊரைக் கூட்டினார். செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எதிராகப் போகக் கூடாது என்றார். "பொய் சொல்லச் சொல்லலீங்க. உண்ணியும் நிசம், போட்டோவும் நிசம். எடத்தை மட்டும் செத்த தள்ளி வெச்சுக்கலாம்." ஊருக்கு அது நியாயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து உண்ணி வண்டி ஓடியது. பால் ஊற்றும் நேரத்தில் கோபி தன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வருவான். முன்பு பெட்ரோல் பங்கில் இருந்தவன், வேலை போய் அப்போது சும்மா இருந்தான். பெண்கள் மாட்டிலிருந்து பிடித்து மாத்திரை டப்பியில் போட்டு வைத்த உண்ணிகளை ஒரு கையில் பாலோடு இன்னொரு கையில் கொடுப்பார்கள். உறுதி செய்வதற்கு ஆள் வேண்டுமே என்று நான்கைந்து வீட்டுக் கைபேசிகளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். நிறம் மாறும் தாரைத் தாண்டி, ஹொசகெரே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் புல்லின் மேல் வைத்து, ஒவ்வொரு கைபேசியிலும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, உண்ணிகளை அங்கேயே விட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புவான். சில மாதங்களில் கெம்பாபுரம் வெளுத்தது. ஹொசகெரே சிவந்தது. அந்த ஊரிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து ராஜப்பன் வீட்டு வாசலில் நின்று, "நிம்ம உண்ணி நீவே இட்கொள்ளி" என்று சொன்னார்கள். உங்கள் உண்ணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ராஜப்பன் அவர்களுக்குக் காபி கொடுத்து, உண்ணிக்கு ஆதார் அட்டையா இருக்குது என்று கன்னடத்தில் கேட்டுச் சிரிக்க வைத்து அனுப்பினார்.

கவிப்ரியா மட்டும் தான் பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய புள்ளிகள் எல்லாம் சாம்பலாகவே நின்றன. உறுதி செய்ய வேறு வீடு இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டாள். நாராயணம்மா கதவைப் பாதி திறந்து, "எங்க பங்கும் அந்த நெலத்துல இருக்குது, உனக்குத் தெரியாததா" என்றாள். ராஜப்பனிடமே போய், காய்ச்சல் யாருக்காவது வந்தால் டாக்டர் மேப்பைத்தான் பார்ப்பார், நம்ம ஊர் சுத்தமா இருக்குதுன்னு வேற மருந்து குடுப்பார் என்று சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நெலம் ரிஜிஸ்டர் ஆவட்டும் தாயி. அப்புறம் நானே முதல் போட்டோ எடுக்கறேன்." சௌமியாவிடம் புகார் செய்தாள். பிடித்த இடம் பொய் என்று நிரூபிக்கத் தங்களிடம் வழியில்லை என்று வருத்தத்தோடு பதில் வந்தது. மனிதர்கள் அனுப்புவதை நம்பித்தான் அந்தத் திட்டமே இருந்தது.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிறு, வேட்டியை இழுத்துவிட்டு வந்து குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். எப்போது ஏறியதோ, நன்றாகக் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு உப்பியிருந்தது. இடுக்கியால் நோகாமல் எடுத்து டப்பியில் போட்டு அடுக்களை அலமாரியில் வைத்தாள். வெளிச்சம் போய்விட்டது, காலையில் மேட்டு நிலத்துக்கே கொண்டுபோய்ப் படம் எடுப்பதாகச் சொன்னாள். காலையில் முதல் ஷிப்டுக்கு ஆள் குறைகிறது என்று வண்டி முன்னதாகவே வந்துவிட்டது. அவள் ஓடினாள். பால் நேரத்தில் கோபி வாசலில் நின்று ஹாரன் அடித்தான். எங்கள் வீட்டில் அவனுக்கு எதுவும் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனால் முதல் நாள்தான் ராஜப்பன் என் அம்மாவை நிறுத்தி, ஊரோடு சேராமல் உன் மருமகள் மட்டும் தனியாக நிற்பது நல்லாவா இருக்குது என்று கேட்டிருந்தார். அம்மாவின் பெயர் மாரம்மா. ஊர் முழுக்க ஒரே வழியாக நடக்கும்போது தன் வீடு மட்டும் விலகி நிற்பது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அலமாரியிலிருந்து டப்பியை எடுத்துக் கோபியிடம் கொடுத்தாள். அவன் ஹொசகெரே ஏரிக்கரையில் அதைப் படம் எடுத்தான். அது சிவப்பாகவே விழுந்தது.

ஒரு வாரம் கழித்துக் கவிப்ரியாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் பார்த்தார். அக்கறையாகத்தான் பார்த்தார். உண்ணி கடித்தது என்று அவள் சொன்னாள். அவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, தன் மேசைக் கணினியைத் திருப்பி அவளுக்கே காட்டினார். "கெம்பாபுரத்துல ரெட்டே இல்லைம்மா. பாருங்க, ஹொசகெரேல இருந்து வந்திருந்தா நானே யோசிச்சிருப்பேன்." அவள் சாம்பல் புள்ளிகளைச் சுட்டி, இதெல்லாம் நான் அனுப்பியது, இது ஏன் சிவப்பாகவில்லை தெரியுமா என்று சொல்லத் தொடங்கினாள். காய்ச்சலில் வார்த்தை கோர்வையாக வரவில்லை. டெங்கு என்று வைத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொடுக்க வேண்டியிருந்த மாத்திரை அந்த மருத்துவமனையின் வாசலில் இருந்த மருந்துக் கடையிலேயே இருந்தது. எந்த ஊர் மருந்துக் கடையிலும் இருக்கும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. மேலில் தடிப்பு தெரிந்த பிறகு பெங்களூருக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரிய மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அதற்குள் சிறுநீரகம் போயிருந்தது. ஆம்புலன்ஸ் திரும்பும்போது ஹொசகெரே வழியாகத்தான் வந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் உண்ணிகள் வரத் தொடங்கின. ஊர் எல்லைக்கு வந்ததும் வரிசை பிரிந்தது. ஒவ்வொன்றும் தான் எந்த வீட்டிலிருந்து கொடுத்தனுப்பப்பட்டதோ அந்த வீட்டுக்குப் போய், நிலைக்கதவின் மரத்தில் ஏறி, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்தது. யாரையும் கடிக்கவில்லை. அதிக மாடு வைத்திருந்த ராஜப்பன் வீட்டு நிலையில் மஞ்சள் குங்குமம் தெரியாத அளவுக்கு இருந்தன. அவர் மண்ணெண்ணெய் தெளித்தார், வேப்பெண்ணெய் பூசினார், ரோஜாக் குடிலுக்கு அடிக்கும் மருந்தை அடித்தார். விழுந்தவை மறுநாள் ஏறிக்கொண்டன. மூட்டை கட்டி லாரியில் போட்டு எல்லைக்கு அப்பால் நெடுந்தூரம் அனுப்பிப் பார்த்தார். இந்த முறை அவை சீக்கிரமே வந்துவிட்டன, வழி பழகியிருந்தது. ஊரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் நிலையைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊரிலும் ஏதாவது இருந்திருக்கும்.

சௌமியா தன் குழுவோடு வந்து வீடு வீடாகப் பார்த்தார். செயலியில் உண்ணி எங்கே கிடைத்தது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் மாடு, ஆடு, நாய், மனிதர், புல் என்று இருந்தது. திரும்பி வந்தது என்று இல்லை. பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த வேறு என்பதை அழுத்தினார். ஆனால் நிறுவனத்து ஆட்கள் எத்தனை பேர் அனுப்பினாலும் அது வீட்டுக்காரர் உறுதி செய்ததாகக் கணக்காகாது. அவர் அனுப்பியதும் சாம்பலாகத்தான் விழுந்தது. நீங்கள் யாராவது உறுதி செய்யுங்கள் என்று கேட்டார். நிலம் இன்னும் பதிவாகவில்லை. எல்லோரும் அவரவர் நிலைக்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, கைபேசியில் சார்ஜ் இல்லை என்றார்கள்.

தை பிறந்ததும் கம்பெனியிலிருந்து மேலாளர் நிலம் பார்க்க வந்தார். ராஜப்பன் வாசலில் படுதா கட்டி மறைத்திருந்தார். காற்றில் அது விலகியது. மேலாளர் நிலையை உற்றுப் பார்த்து, "என்ன சார் இது, டிக்ஸா?" என்று கேட்டார். ராஜப்பன் படுதாவை இழுத்துப் பிடித்தார். "நம்ம சைட்ல இருக்குதா?" என்றார் மேலாளர். இருக்குதுங்க என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. "பரவால்ல. எப்படியும் மேல் மண்ணை நாலடி எடுத்துடுவோம்." பிறகு தண்ணீர் வசதி பற்றிக் கேட்டார். அந்த வரைபடத்தை அவர் பார்த்ததில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பேசிய விலைக்கே நிலம் பதிவானது. ராஜப்பன் பத்திர அலுவலகத்திலிருந்து திரும்பி, காரிலிருந்து இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முதல் போட்டோ தான் எடுப்பதாகச் சொல்லியிருந்ததை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, மாசியில், தனியாக ஓர் உண்ணி வந்தது. உடம்பு கனத்திருந்ததால் அதற்கு அவ்வளவு காலம் பிடித்திருக்க வேண்டும். அது நிலையில் ஏறவில்லை. வாசற்படி தாண்டி, கூடத்தைக் கடந்து, அடுக்களைச் சுவரில் ஏறி, டப்பி இருந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நான்கு மாதம் நடந்தும் அது சுருங்கவே இல்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்தாள். நாராயணம்மா வந்து எட்டிப் பார்த்து, "சனியன், நசுக்கிப் போடு" என்றாள். "உள்ள இருக்கறது என் மருமவ ரத்தம்" என்றாள் அம்மா. "நான் நசுக்கவா?" நாராயணம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு அம்மா கவிப்ரியாவின் கைபேசியை எடுத்து வந்து என்னிடம் நீட்டி, இதை எப்படித் தொறக்கறது, காட்டு என்றாள். டப்பியைக் கொடுத்தது தன் கை என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் அதைப் பேசியதில்லை. முதல் இரண்டு படமும் கலங்கிப்போயின. மூன்றாவதை அனுப்பினாள். எங்கள் வீட்டின் மேல் ஒரு சாம்பல் புள்ளி விழுந்தது.

இன்னொரு வீட்டுக்காரர் வேண்டும். அம்மா யாரையும் போய்க் கேட்கவில்லை. மறுநாள் பால் நேரத்தில் கோபி வந்தான். ஹாரன் அடிக்கவில்லை. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அடுக்களைச் சுவருக்கு முன்னால் நின்று, தன் கைபேசியில் படம் எடுத்தான். "போயிடுச்சா?" என்று கேட்டாள் அம்மா. "போயிடுச்சுங்க பெரிம்மா" என்றான். டீ குடிக்கச் சொன்னாள். வேண்டாம் என்றான். அவன் தெருமுனைக்குப் போய் வண்டியை எடுப்பதற்குள் புள்ளி சிவந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்காரர்களும் அவரவர் நிலைக்கதவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ராஜப்பன் வீட்டிலிருந்தும் போனது. நிலம்தான் விற்றாகிவிட்டதே.

பங்குனியில் நாராயணம்மாவின் மருமகள் மாதேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. அதே மருத்துவமனை, அதே இளம் மருத்துவர். ஊர்ப் பெயரைச் சொன்னதும், வாயைத் திற என்றுகூடச் சொல்லாமல் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டாராம். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, புளிக்குழம்பு வேண்டுமென்று கேட்டாள். நாராயணம்மா அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, வாசலுக்கு வந்ததும் படி ஏறாமல் நின்றுவிட்டாள். "பொழைச்சிட்டாளா?" என்று அம்மாவே கேட்டாள். தலையாட்டினாள். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். வெயில் உச்சிக்கு வரும்வரை திரும்பவில்லை. பால் கறக்கும் நேரம் அது இல்லை.

அதற்குப் பிறகு ஊரில் உண்ணிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மேட்டு நிலத்தில் மண்ணை நான்கடி எடுத்து எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டினார்கள். அது எந்த ஊர் என்று கேட்க சௌமியா இரண்டு முறை வந்தார், லாரிக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு நிலைக்குப் பொட்டு வைக்கிறவர்கள் உண்ணிகளுக்கு இடையில் கிடைத்த இடத்தில் வைக்கிறார்கள். புதுப் பணத்தில் ஊரில் எல்லோரும் வீட்டுக்குச் சாயம் அடித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அடிக்க உத்தனப்பள்ளியிலிருந்து பிரகாஷ் என்ற பெயிண்டர் வந்தார். அடுக்களையில் பழைய நீலத்தின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டு வந்தவர் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, "இது என்னாங்க, ஆணியா?" என்று கேட்டார். இல்லை, இருக்கட்டும் என்றாள் அம்மா. அவர் சிறிய தூரிகையை எடுத்து அதைச் சுற்றி நிதானமாக அடித்தார். சாயம் காய்ந்த பிறகு அது விரற்கடை தூரம் தள்ளிப்போய் வெள்ளையின் மேல் உட்கார்ந்துகொண்டது. அது இருந்த இடத்தில் ஆமணக்கு விதை அளவுக்குப் பழைய நீலம் தெரிந்தது. இப்போ அந்த எடத்தையும் பூசிடட்டுங்களா என்று பிரகாஷ் கேட்டார். வேண்டாம், எங்காவது போனா திரும்பி வர்றதுக்கு எடம் வேணும் என்று சொல்லிவிட்டு, அம்மா அவருக்குக் காபி போடப் போனாள்.